வந்து போகும் மனப்பிறழ்வுக்கு என்ன பெயர்?

தெலுக் பிளாங்காவில் ஓர் அடுக்குமாடி வீடு. முப்பத்தோரு வயதுப் பெண், கணக்காளர். அப்பா காலமாகிப் பத்து நாள்கூட ஆகவில்லை; மூன்று இரவாகக் கண் மூடவில்லை. நான்காம் நாள் காலையில் மின்தூக்கி எந்தெந்த மாடியில் நிற்கிறது என்று எண்ணத் தொடங்குகிறாள். அந்த எண்களில் தனக்கு ஏதோ தகவல் இருக்கிறது என்கிறாள். மதியம் உடம்பெல்லாம் நடுக்கம், யாரோ கொல்ல வருகிறார்களாம். சாயங்காலம் அம்மனே தன்மேல் இறங்கிவிட்டாள் என்ற பூரிப்பு. இரவு அம்மாவைப் பார்த்து, "நீங்க என் அம்மா இல்ல, அவங்க மாதிரி வேஷம் போட்டு வந்திருக்கீங்க" என்று கதறுகிறாள். அவசர மருத்துவ வண்டி வருகிறது. குறைந்த அளவில் மருந்து, நிறைய தூக்கம். ஒன்பதாம் நாள் தெளிந்து எழுகிறாள். நான்காம் வாரம் அலுவலகத்தில் உட்கார்ந்து கணக்கு முடிக்கிறாள், ஒரு பிழை இல்லாமல்.

நான்கு ஆண்டு கழித்து, ஆண்டிறுதிக் கணக்கு வேலையில் தூக்கம் கெட்ட ஒரு வாரத்தில், அதே போல இன்னொரு முறை. பிறகு மூன்றாவது முறை. ஒவ்வொரு முறையும் வேறு மருத்துவமனை. முதல் கோப்பில் 'திடீர் மனப்பிறழ்வு' என்று இருக்கிறது. இரண்டாவதில் 'இருமுனைக் கோளாறாக இருக்கலாம்'. மூன்றாவதில் 'மனச்சிதைவு'. இந்தப் பெண் தனி ஒருத்தி அல்ல; மருத்துவ விவரிப்புகளில் திரும்பத் திரும்பத் தென்படும் கூறுகளைச் சேர்த்து நான் கோத்த உருவம். ஆனால் ஒரே ஆளுக்கு மூன்று பெயர் விழுவது கற்பனை இல்லை. விட்டுவிட்டு வரும் குறுகியகால மனப்பிறழ்வு உலகெங்கும் இப்படித்தான் பெயர் மாறிக்கொண்டிருக்கிறது. இதற்கு மருத்துவரின் கவனக்குறைவை மட்டும் காரணம் சொல்ல முடியாது. இந்த நோயில் அறிகுறிகள் பாதி விவரத்தைத்தான் தருகின்றன. மீதியைத் தருவது காலம். எவ்வளவு வேகத்தில் வந்தது, எத்தனை நாள் இருந்தது, போன பிறகு என்ன மிஞ்சியது, மறுபடி எப்போது வந்தது என்ற நான்கும் தெரிந்தால்தான் பெயர் வைக்க முடியும். முதல் நாள் அவசரப் பிரிவில் நிற்கும் மருத்துவருக்கு இவற்றில் முதலாவது மட்டுமே தெரியும்.

தெலுக் பிளாங்கா அடங்கிய சிங்கப்பூரின் புக்கிட் மேராவுக்கும் இந்தக் கேள்விக்கும் பழைய உறவு உண்டு. இன்று சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை நிற்கும் வட்டாரம் ஒருகாலத்தில் சிப்பாய் லைன்ஸ். அங்கே, காலேஜ் ரோட்டில், 1887ல் புதிய மனநோயாளர் காப்பகம் திறக்கப்பட்டது. 1928ல் இயோ சூ காங்கில் மனநல மருத்துவமனை வரும்வரை தீவின் மனநோயாளிகள் வந்து சேர்ந்த இடம் அதுதான். அதன் கண்காணிப்பாளராக இருந்த கில்மோர் எல்லிஸ், மலாய் மக்களிடம் காணப்பட்ட 'அமோக்' பற்றி 1893லும், 'லாத்தா' என்ற இன்னொரு நிலை பற்றி 1897லும் கட்டுரைகள் எழுதினார். அமோக் வந்தால், அமைதியாக இருந்த ஒருவர் திடீரென்று கத்தியைத் தூக்கிக் கண்ணில் பட்டவரையெல்லாம் வெட்டுவார். அடங்கிய பிறகு எதுவும் நினைவில்லை என்பார். காலனி ஆட்சி அமோக்கை ஓர் இனத்தின் சுபாவமாகப் பார்த்தது. அந்தப் பார்வை எனக்குச் சற்றும் ஏற்புடையதல்ல. அதைத் தாண்டி மருத்துவம் எங்கே வந்து நின்றது என்பதுதான் கவனிக்கத்தக்கது: அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 1994ஆம் ஆண்டுக் கையேடு, அமோக் நிகழ்வுகளில் சில குறுகியகால மனப்பிறழ்வின்போது நேரக்கூடும் என்று குறித்தது. நூறு ஆண்டுக்கு முன்பு இதே வட்டாரத்தில் 'மலாய்க்காரரின் நோய்' என்று எழுதப்பட்டதில் ஒரு பகுதி, எந்த இனத்தவருக்கும் வரக்கூடியதாக மாறியது.

ஐரோப்பாவிலும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே இதற்கு ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். பிரான்சில் மனநல மருத்துவர் மான்யானின் மாணவர்கள் 1880களில் 'பூஃபே தெலிரான்த்' என்றார்கள். தெளிந்த வானில் இடி விழுவதுபோல வரும் நோய் என்பது அவர்கள் தந்த வருணனை. டென்மார்க்கில் விம்மர் 1916ல் மன அதிர்ச்சியால் வரும் பிறழ்வைத் தனியாகப் பிரித்தார். ஜெர்மனியில் கிளைஸ்ட்டும் அவர் வழியில் லியோன்ஹார்டும், மனச்சிதைவிலும் சேராத, மனநிலைக் கோளாறிலும் சேராத மூன்றாம் வகையாகச் 'சைக்ளாய்டு' பிறழ்வுகளை விவரித்தார்கள். இது திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு முறையும் முழுசாகத் தெளியும் என்று லியோன்ஹார்டு அழுத்திச் சொன்னார். நம் கணக்காளரை அவரிடம் காட்டியிருந்தால் தயங்கியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

ஆனாலும் இந்தக் கேள்விக்கு உண்மையான கனம் சேர்த்தது இந்தியா. ஜெர்மன் மனநல மருத்துவர் கிரேப்பலின் வகுத்த இரண்டு பெட்டிகளிலும், அதாவது மனச்சிதைவிலும் இருமுனைக் கோளாறிலும், தங்கள் நோயாளிகளில் கணிசமானவர்கள் அடங்கவில்லை என்பதை அங்குள்ள மருத்துவர்கள் அன்றாடம் கண்டார்கள். மருத்துவர்கள் விக், குர்மீத் சிங் இருவரும் 1967ல் இந்தியாவுக்கென்று ஒரு வகைப்பாட்டை முன்வைத்தபோது திடீர் மனப்பிறழ்வுக்குத் தனி இடம் கேட்டார்கள். பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பிக்கானேர், கோவா, பாட்டியாலா, வேலூர் ஆகிய நான்கு மையங்களில் இந்த நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தது. ஓராண்டு முடிவில் பெரும்பாலோர் நலமாக இருந்தார்கள். 'மனச்சிதைவு என்றால் வாழ்நாள் நோய்' என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது பெரிய செய்தி.

உலகச் சுகாதார நிறுவனம் 10 நாடுகளில் நடத்திய ஆய்வில் ஆக்ராவும் சண்டிகரும் இருந்தன. அந்தத் தரவுகளை எடுத்து சஸ்ஸரும் வாண்டர்லிங்கும் 1994ல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் ஒரு திருப்பம். திடீரென்று வந்து முழுசாகத் தெளியும் பிறழ்வு, தொழில்வள நாடுகளைவிட வளரும் நாடுகளில் ஏறக்குறைய பத்து மடங்கு அதிகம். ஆண்களைவிடப் பெண்களிடம் இரண்டு மடங்கு. மனச்சிதைவு இப்படிப் பரவுவதில்லை. ஆகவே இதை 'லேசான மனச்சிதைவு' என்று ஒதுக்க முடியாது. பரவும் விதமே வேறு. ஏன் பெண்கள், ஏன் ஏழை நாடுகள் என்பதற்கு ஒரே விடை கிடைத்துவிடவில்லை. வட இந்தியத் தரவுகளில் பிறழ்வுக்கு முன் காய்ச்சல் கண்டவர்கள் கூடுதலாக இருந்தார்கள். புகுந்த வீட்டுக்குப் போன இளம் பெண்களின் தனிமையைச் சிலர் சுட்டுகிறார்கள். இரண்டும் சேர்ந்தே வேலை செய்யலாம்.

சண்டிகர் குழு இன்னொன்றையும் காட்டியது. இந்த நோய் ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும் என்பது புத்தகக் கணக்கு. அங்கே பலருக்கு இரண்டு முதல் நான்கு மாதம்வரை நீடித்து, அதன் பிறகே முழுசாகத் தெளிந்தது. 12 ஆண்டு கழித்துத் தேடிப் பார்த்தபோதும் ஏறக்குறைய எல்லாரும் நலமாக இருந்தார்கள். ஒரு மாதம் என்ற கோட்டைப் போட்டவர்கள் இந்த நோயாளிகளை மனச்சிதைவு என்ற பக்கம் தள்ளியிருப்பார்கள்.

கோடுகளின் கதைக்கு வருவோம். இங்கே இரண்டு நூல்கள் புழங்குகின்றன. அமெரிக்கக் கையேடு 1980ல் இரண்டு வாரம் என்றது, 1987ல் ஒரு மாதமாக்கியது. இன்றும் ஒரு நாளுக்குக் குறையாமல், ஒரு மாதத்துக்கு மேல் போகாமல், பழைய நிலைக்கு முழுசாகத் திரும்பினால்தான் 'குறுகியகால மனப்பிறழ்வு'. அதற்கு மேல் ஆறு மாதம்வரை வேறு பெயர், அதற்கும் மேலே போனால் மனச்சிதைவு. நோயாளி இன்னும் தெளியாத நிலையில் இந்தப் பெயரை எழுதினால் 'தற்காலிகமாக' என்று சேர்த்தே எழுத வேண்டும். மறுபடி மறுபடி வருவதைக் குறிக்க அந்த நூலில் தனி இடம் கிடையாது. ஐந்தாவது முறை வந்தாலும் எழுத்தில் முதல் முறை வந்தது போலவே இருக்கும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு, 1992ல் வெளிவந்த பத்தாம் பதிப்பில், இந்தியா போன்ற நாடுகளின் அனுபவத்துக்குச் செவிசாய்த்தது. இரண்டு வாரத்துக்குள் முழு வேகத்தில் வரும் பிறழ்வுகளுக்கு எஃப்23 என்ற தனித் தலைப்பு தந்தது. ஆனால் அதன் கீழ் அடைத்த உட்பிரிவுகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. மனச்சிதைவு போலவே தெரியும் குறுகிய நோயும், நிறம் மாறிக்கொண்டே இருக்கும் நோயும் ஒரே கூரையின் கீழ் வந்தன. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பு அதைச் சுருக்கியது. நம் கணக்காளருக்கு நேர்ந்ததுபோல நாளுக்கு நாள், ஒரே நாளுக்குள்ளேயே, அறிகுறிகள் மாறிக்கொண்டிருக்க வேண்டும். முகம் உணர்ச்சியற்றுப் போவது, பேச்சு வற்றுவது போன்றவை இருக்கக் கூடாது. மூன்று மாதத்தைத் தாண்டக் கூடாது. பெரும்பாலும் சில நாள் முதல் ஒரு மாதம்வரை என்று விளக்கவும் செய்கிறது. அதோடு எண்ணிலேயே பிரிக்கிறது: 6ஏ23.0 முதல் முறை, 6ஏ23.1 பல முறை. திரும்ப வருவது இந்த நோயின் இயல்புகளில் ஒன்று, அது வேறு நோயாக மாறியதற்குச் சாட்சி ஆகாது என்பதை ஓர் உலக வகைப்பாடு எண் கொடுத்து ஒப்புக்கொண்டது என் பார்வையில் பெரிய முன்னேற்றம்.

கால அளவை வைத்துப் பெயரிடுவதில் ஓட்டை ஒன்று இருக்கிறது, அதை எந்தப் பதிப்பும் அடைக்கவில்லை. நம் கணக்காளருக்கு உடனே மருந்து கொடுத்தார்கள், ஒன்பதாம் நாள் தெளிந்தாள். நோய் தானாகக் குறுகியதா, மருந்து குறுக்கியதா? மருந்து கிடைக்காத கிராமத்தில் அதே பெண் மூன்றரை மாதம் தவித்திருந்தால் பெயர் மாறியிருக்கும். சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறதோ அவ்வளவுக்குக் கால அளவு என்ற அளவுகோல் நம்பகம் இழக்கிறது. அதனால்தான் வந்த வேகத்துக்கும், இடையிலான காலத்தில் ஆள் எப்படி இருந்தார் என்பதற்கும் நாள்கணக்கைவிடக் கூடுதல் மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று எண்ணுகிறேன்.

திரும்பி வருமா? குடும்பம் கேட்கும் முதல் கேள்வி இது. ஃபுஸார்-போலி குழு 2016ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மூன்று ஆண்டும் அதற்கு மேலும் தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு மனப்பிறழ்வு மீண்டும் வந்திருக்கிறது. ஜெர்மனியின் ஹாலே நகரில் மார்னெரோஸும் பில்மானும் 42 பேரைப் பல ஆண்டு கவனித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பெரும்பாலோருக்கு நோய் திரும்பியது. அப்படியிருந்தும் வேலை, குடும்பம், நட்பு எல்லாவற்றிலும் மனச்சிதைவு நோயாளிகளைவிட மிக நன்றாக இருந்தார்கள். டென்மார்க் பதிவேடுகளில் முதலில் வைத்த பெயர் பாதிக்கும் மேற்பட்டோருக்குப் பின்னாளில் மாறியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் குழு 2006ல் வெளியிட்ட ஆய்வில் பெரும்பாலோருக்குப் பெயர் மாறாமல் நின்றது. மாறியவர்கள் மனச்சிதைவுக்கும் மனநிலைக் கோளாறுக்கும் போனார்கள். ஒரே நோய்ப்பெயர் டென்மார்க்கில் நிலைக்காமல் வேலூரில் நிலைக்கிறது என்றால், இரண்டு இடத்திலும் அந்தப் பெயருக்குள் வருவோர் ஒரே மாதிரி ஆட்கள் அல்லர் என்றுதான் கொள்ள வேண்டும்.

நல்ல முடிவு என்ற சொல்லைக் கேட்டு ஆறுதல் அடைந்து அசந்துவிடவும் கூடாது. தெளிந்த பிறகு வரும் வாரங்கள் ஆபத்தானவை. நடந்தது நினைவுக்கு வரும், வெட்கம் பிடுங்கித் தின்னும். டேனிஷ் பதிவேடுகள் இந்த நோயாளிகளிடம் தற்கொலை அதிகம் என்பதைக் காட்டியிருக்கின்றன.

பெயர் வைக்குமுன் விலக்க வேண்டியவை பல. அவற்றில் சில, திரும்பத் திரும்ப வருவதாலேயே ஏமாற்றும். வலிப்பு நோயாளிக்கு, வலிப்பு வந்து ஒன்றிரண்டு நாள் தெளிவாக இருந்த பிறகு, சில நாள் மனப்பிறழ்வு வரலாம். வீட்டார் வலிப்பையும் இதையும் இணைத்துச் சொல்லவே மாட்டார்கள். மாதவிலக்கு நாள்களை ஒட்டி மட்டும் வருவது அரிது, ஆனால் உண்டு. கணக்காளரின் மூன்று தேதிகளையும் மாதவிலக்குத் தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் யாராவது உண்டா? பிள்ளைப்பேற்றுக்குப் பிந்திய முதல் வாரங்களில் வரும் பிறழ்வில் கணிசமானது பின்னர் இருமுனைக் கோளாறாக வெளிப்படும். 2007ல் டால்மாவ் குழு கண்டறிந்த, எதிர்ப்பொருளால் வரும் ஒருவகை மூளையழற்சி, தொடக்கத்தில் பல நேரம் மனநோய் வேடத்திலேயே இருக்கும். காய்ச்சல், தைராய்டு, ஸ்டீராய்டு மாத்திரை, சிங்கப்பூரில் அதிகம் புழங்கும் 'ஐஸ்' எனும் மெத்தம்பெட்டமின் எல்லாவற்றையும் கேட்டாக வேண்டும், சோதித்தாக வேண்டும்.

சாமி வருவதை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை காவடி எடுத்துச் செல்பவருக்கு அருள் வருகிறது. சடங்கு தொடங்கும்போது வந்து, முடியும்போது போகிறது, மறுநாள் அவர் வேலைக்குப் போகிறார். சமூகம் ஏற்ற இப்படிப்பட்ட நிலையை நோயாகக் கொள்ளக் கூடாது என்று அமெரிக்கக் கையேடே சொல்கிறது. வேறுபாட்டை மருத்துவரைவிடக் கூட வந்த அத்தையோ பெரியம்மாவோ சீக்கிரம் சொல்லிவிடுவார்: "இது சாமி இல்லீங்க, ரெண்டு நாளா இவ இவளாவே இல்ல." அந்த ஒரு வாக்கியத்தைக் கோப்பில் அப்படியே எழுதிவைப்பது எந்தக் கேள்வித்தாளுக்கும் குறையாத நோயறிதல் கருவி.

கோயில், தர்கா பக்கமும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த, பெரும்பாலும் நாள்பட்ட மனநோய் கொண்ட 31 பேரைப் பற்றி ரகுராம் குழு 2002ல் எழுதியது. சராசரியாக ஆறு வாரம் தங்கியவர்களுக்கு, மருந்தில்லாமலே, அறிகுறிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. ஆதரவான சூழலின் வலிமை அது. தானாகத் தெளியும் பிறழ்வாக இருந்தால் இன்னும் முழுசாகக் குணமாகியிருப்பார்கள், புகழ் கோயிலுக்குப் போயிருக்கும். சிக்கல் இரண்டாவது முறையில் தொடங்குகிறது. 'விட்டுப் போனது திரும்ப வந்துவிட்டது' என்று குடும்பம் முடிவுகட்டும், முதல் முறையின் விவரம் எந்த மருத்துவக் கோப்பிலும் இருக்காது. தர்கா உள்ள ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் இறந்தார்களே, அந்த 28 பேரில் விட்டுவிட்டு வரும் நோய்க்காரர் எத்தனை பேர் இருந்தார்களோ என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

சிங்கப்பூருக்கு வருவோம். மனநலக் கழகம் 2001ல் தொடங்கிய தொடக்கநிலை மனப்பிறழ்வுத் திட்டம், நோய் தொடங்கியதற்கும் சிகிச்சை கிடைப்பதற்கும் இடையிலான காலத்தின் நடுமதிப்பை 12 மாதத்திலிருந்து 4 மாதமாகக் குறைத்தது. பள்ளிகளையும் பொதுநல மருத்துவர்களையும் பாரம்பரிய வைத்தியர்களையும் தேடிப் போய்ப் பேசியதன் பலன். மெதுவாக ஊறி வரும் நோய்க்கு இது உயிர் காக்கும் ஏற்பாடு. நான்கு நாளில் வெடித்துப் பதினைந்து நாளில் அடங்கும் நோய்க்குத் தேவைப்படுவது வேறு. தெளிந்து போனவரை, அவர் 'எனக்கு ஒன்றுமில்லை' என்று சொல்லும் காலத்திலும், ஆண்டுக்கணக்கில் தொடர்பில் வைத்திருக்கும் ஏற்பாடு அது.

இங்கே பெயர் பணத்தோடும் பிணைந்திருக்கிறது. நாள்பட்ட நோய் நிர்வாகத் திட்டத்தில் மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்புப் பணத்தை வெளிநோயாளிச் சிகிச்சைக்கு எடுக்கலாம். மனநலப் பட்டியலில் மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, கடும் மனச்சோர்வு, பதற்றம், மறதிநோய் உண்டு. குறுகியகால மனப்பிறழ்வு தனிப்பெயரில் இல்லை. புக்கிட் மேரா பலதுறை மருந்தகத்தில் மாதாமாதம் காட்டிக்கொள்ள விரும்பும் ஒருவருக்கு, கூடுதல் கனமான பெயர் கூடுதல் உதவி தருகிறது. அதே பெயரை வேலைக்கு விண்ணப்பிக்கும்போது நினைத்து அஞ்சுவார். முதலாளிகள் மனநல விவரம் கேட்கக் கூடாது என்று 2020ல் முத்தரப்பு வழிகாட்டி சொன்னது. 2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டம் மனநலப் பாதிப்பைப் பாதுகாக்கப்பட்ட தன்மைகளில் சேர்த்தது. நல்லவை. ஆனாலும் மூன்று நாள் விடுப்புக்குக் காரணம் எழுதும்போது கை நடுங்கத்தான் செய்கிறது.

மருந்தை எத்தனை காலம் தொடர்வது என்பதும் பெயரைப் பொறுத்ததே. மனச்சிதைவு என்றால் ஆண்டுக்கணக்கில். முதல் முறை வந்து முழுசாகத் தெளிந்த ஒருவரைச் சில மாதங்களில் மெல்ல மெல்ல மருந்திலிருந்து இறக்கிப் பார்க்கலாம் என்பது பலருடைய நடைமுறை. பல முறை வந்தவருக்கு, குறிப்பாக ஒவ்வொரு முறையும் பூரிப்பும் அழுகையும் மேலோங்கியிருந்தால், லித்தியம் போன்ற மனநிலைச் சீராக்கியைப் பற்றி மருத்துவர் யோசிப்பார். இரண்டு தாக்கங்களுக்கு இடையே ஐந்து ஆண்டு நலமாக இருந்தவரைத் தினமும் மாத்திரை விழுங்கச் சொல்வது சரியா, அல்லது தூக்கம் கெட்ட இரண்டாம் இரவிலேயே எடுக்க ஒரு மாத்திரையும் கூப்பிட ஓர் எண்ணும் கொடுத்து வைப்பது சரியா? இரண்டாவது வழிக்குத் தன் முன்னறிகுறிகளை அறிந்த நோயாளியும், விழிப்பான குடும்பமும், முன்பின் தெரிந்த மருத்துவரும் வேண்டும். மூன்றும் உள்ளவருக்கு அதையே நான் விரும்புவேன்.

அந்த மூன்றும் இல்லாதவர்கள் நம் நடுவில்தான் இருக்கிறார்கள். லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமை கூடும் ஊழியர்களில் ஒருவருக்கு, ஊரில் கடன், விடுதியில் தூக்கமின்மை, மேற்பார்வையாளரின் மிரட்டல் எல்லாம் சேர்ந்து ஒரு வாரம் புத்தி தடுமாறினால் என்ன ஆகும்? வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவருக்கு முதலாளி எடுக்க வேண்டிய மருத்துவக் காப்புறுதியின் ஆண்டு உச்சவரம்பு 2023 ஜூலையிலிருந்து குறைந்தது 60,000 வெள்ளி. அது மருத்துவமனையில் தங்கும் செலவுக்கும் பகல்நேர அறுவைச் சிகிச்சைக்குமானது. பின்தொடரும் மாதங்களுக்கு அது உதவாது. பலர் தெளிந்த கையோடு திருச்சிக்கோ சென்னைக்கோ விமானம் ஏற்றப்படுகிறார்கள். இரண்டு ஆண்டு கழித்துப் புதுக்கோட்டையிலோ சிவகங்கையிலோ மறுபடி வரும்போது, அங்குள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் அது 'முதல் முறை' என்றே பதிவாகும். உலக வகைப்பாடு ஒதுக்கிய 'பல முறை' என்ற எண் இவர்களுக்குக் கிடைக்கவே போவதில்லை.

ஊருக்குத் திரும்பும் ஊழியரின் கையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒற்றைப் பக்கக் குறிப்பு ஒன்றைக் கொடுத்தனுப்பலாம். எந்தத் தேதியில் தொடங்கியது, அதற்கு முன் எத்தனை இரவு தூங்கவில்லை, காய்ச்சல் இருந்ததா, அறிகுறிகள் எப்படி மாறின, எந்த மருந்து எவ்வளவு கொடுத்தோம், எத்தனையாவது நாள் முழுசாகத் தெளிந்தார் என்ற ஆறு வரி போதும். நோய்ப்பெயர் வேண்டிய இடத்தில் 'தற்காலிகம்' என்று எழுதிவிடலாம். அடுத்த முறை அவரைப் பார்க்கும் மருத்துவர் அதை நிரப்பிக்கொள்வார்.